புகார் ஏதும் இல்லை

கடிதம் வர ஏழு மாதம் ஆனது.
போர்ட் லூயியில் யாரோ ஒருவர்
முத்திரைக்கு மை தேடிக்கொண்டு இருந்திருப்பார்.
இங்கே டர்பனில், ஓவர்போர்ட்டில், மூன்றாம் மாடியில்
என் இருபத்திரண்டு ஆண்டுகளை
ஒரு நீல உறைக்குள் போட்டு வைத்துக்கொண்டு
ஹடீடாப் பறவைகளின் கத்தலில் எழுந்துகொண்டிருந்தேன்.

மாலினி வீராப்பென், சொத்து மதிப்பீட்டாளர்.
பதிவு நடப்பில் உள்ளது.
இவர்மீது புகார் ஏதும் இல்லை.
மூன்றே வரி.

பதிவுக் கழகத்துப் பெண்
கண்ணாடிக்குப் பின்னிருந்து நல்லவிதமாகவே சொன்னாள்:
அங்கே மதிப்பிட்டது அங்கே செல்லும்.
இங்கே முதலில் பயிலுநர்.
ஒருவருக்குக் கீழே, ஒரு குறிப்பேட்டோடு,
தேர்வு முடியும்வரை.

அந்த ஒருவர் திரோஷன் கோவெண்டர்.
வயது முப்பத்தொன்று.
என் முதல் அறிக்கையில் நான் கையெழுத்திட்டபோது
பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தவன்.
நல்ல பையன். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறான்,
கூப்பிட்டுவிட்டு என் கணக்கைச் சிவப்பு மையால் அடிக்கிறான்.
அடிப்பது சரிதான்.
பெர்ச்சில் நினைத்துச் சதுர மீட்டரில் எழுதினால்
எங்கோ ஓர் இலக்கம் வழுக்கிவிடுகிறது.

அங்கே முதலில் கூரையைப் பார்ப்போம்,
கான்கிரீட்டா, புயல் தாங்குமா என்று.
இங்கே மதில் எத்தனை அடி,
மேலே மின்கம்பி ஓடுகிறதா.
ஊருக்கு ஊர் பயம் வேறு, அதன் விலையும் வேறு.
கடல் தெரிந்தால் மட்டும்
இரண்டு ஊரிலும் கூட்டிப் போடலாம்.

குறிப்பேட்டில் நாற்பத்தோராவது வீடு
சாட்ஸ்வர்த்தில், சரிவைப் பிடித்துக்கொண்டு நின்றது.
வங்கிக் கடனுக்கு.
வீட்டுக்காரர் கோகிலம் நாயக்கர்,
ஆயத்த ஆடை ஆலையில் மேற்பார்வை பார்த்து ஓய்ந்தவர்.
என் லேசர் கருவியின் சிவப்புப் புள்ளி சுவரில் ஊர்வதைப்
பல்லியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.
பின்கட்டில் நின்றுவிட்டார்.

அங்கே ஓர் அறை.
பெரிய ஜன்னல், தனிக் குழாய், வாடகைக்கு ஒரு நர்ஸ்,
கொடியில் அவள் வெள்ளை உடுப்பு.
வரைபடத்தில் அறை இல்லை.
நகராட்சிக்கு அந்த இடத்தில் இன்னும் புல்தான்.

"எழுதாதீங்க. இடிக்கச் சொல்வாங்க."

எழுதாமல் விட எனக்குத் தெரியும்.

ரோஸ் ஹில்லில் சாலையை அகலப்படுத்திய வருடம்.
மர்தே சங்கிலி, பதினொரு பெர்ச் நிலம்,
வீட்டுக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை.
வரைபடத்தில் இல்லை.
பூஜ்ஜியம் போட்டேன்.
விதிப்படிதான். வட்டமாக, அழகாகக்கூட வந்தது.
அவர் அறிக்கையை இரண்டு முறை புரட்டினார்.
பட்டறை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.
பிறகு நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.
புகார் கொடுக்கவில்லை.

என் கடிதத்தின் மூன்றாம் வரி
அவர் எழுதியது.

அன்று இரவு மின்வெட்டு.
கைபேசி வெளிச்சத்தில் எழுதினேன்:
பின்கட்டு அறை, பதினெட்டு சதுர மீட்டர்.
அனுமதி இல்லை. ஆள் குடியிருக்கிறார். வாடகை வருகிறது.
அனுமதி பெற்றால் இன்ன விலை,
பெறாவிட்டால் இன்ன விலை.

திரோஷன் படித்தான்.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினான், மாட்டினான்.
"வங்கிக்கு இது பிடிக்காது, ஆன்ட்டி."
தெரியும் என்றேன்.
பெரிய கோட்டில் அவன் கையெழுத்திட்டான்.
கீழே, உதவியவர் என்ற சின்னக் கோட்டில்,
இடம் போதாமல் என் பெயர் ஓரத்தில் வளைந்தது.

சாட்ஸ்வர்த்துக்கு நானே போனேன்.
எழுதிவிட்டேன் என்று வாசலில் நின்றே சொன்னேன்.
கோகிலம் நாயக்கர் கேட்டைத் திறக்கவில்லை.
கம்பிகளுக்கு இடையில் என்னைக் கொஞ்ச நேரம் அளந்தார்.
"உங்க மேல புகார் சொல்லணும்னா
எங்க போகணும்?"

பையில் காகிதம் இருந்தது.
கழகத்தின் முகவரியை எழுதினேன்,
தொலைபேசி எண்ணையும்.
என் பெயரின் எழுத்துகளை
ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்,
தப்பு வந்துவிடக் கூடாது என்று.